தலை உதிர்ந்த சேதி

பார்க்கின்சன் நோய்க்கு மருந்துகள் எத்தனையோ வந்துவிட்டன. லெவோடோபாவை மிஞ்சிய ஒன்று இன்னும் வரவில்லை. 1961இல் வியன்னாவில் வால்தர் பிர்க்மாயரும் ஓலெ ஹார்னிகீவிச்சும் இதை நோயாளிகளின் இரத்தக் குழாயில் ஏற்றிப் பார்த்தார்கள். உட்காரக்கூட முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்தார்கள், நடந்தார்கள். ஊசியின் வீரியம் சில மணி நேரத்தில் தீர்ந்ததும் பழையபடி படுத்தார்கள். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியஸ், வாய்வழியாகச் சிறுகச் சிறுக அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பலன் நிலைக்கிறது என்று காட்டினார். அதன் பிறகுதான் இது வீட்டில் வைத்துச் சாப்பிடும் மருந்தாயிற்று.

கணக்கு எளிது. இந்த நோயில் நடுமூளையில் டோபமைன் செய்யும் நரம்புச் செல்கள் செத்துப்போகின்றன. டோபமைனையே கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். நம்மூர் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் இந்தப் பொருள் தாராளமாக இருக்கிறது. 1937இல் சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதினார்கள். மூளையில் டோபமைனுக்கு ஒரு வேலை உண்டு என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

சிக்கல் சில ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்குகிறது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கை தானாக நெளியும், தலை ஆடும், உடம்பு முறுக்கிக்கொள்ளும். அளவைக் குறைத்தால் உடம்பு விறைத்துப்போகிறது, கூட்டினால் நெளிகிறது. டிஸ்கைனீசியா என்று டாக்டர்கள் சொல்லும் இந்தத் துன்பம் லெவோடோபா எடுத்துக்கொள்பவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலரை நெடுநாள் தொடாது. ஒரே நோய், ஒரே மருந்து என்றிருக்க, வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

சந்தேகம் விழுந்த இடங்களில் ஒன்று டைனார்பின். 1979இல் ஸ்டான்ஃபோர்டில் அவ்ரம் கோல்ட்ஸ்டைன் பெயர் சூட்டிய பெப்டைடு இது. மார்ஃபின் போய் உட்காரும் ஏற்பிகளுக்கு என்று மூளை தானே தயாரித்துக்கொள்ளும் பொருள்களில் ஒன்று. இதன் உறவினர்களான என்கெஃபலின்களை அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் கண்டுபிடித்திருந்தார்கள்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சிறு சங்கிலி. செல் அதை நேரடியாகச் சிறிதாகச் செய்வதில்லை. முதலில் நீளமான புரதம் ஒன்றைச் செய்கிறது. பிறகு நொதிகள் அதைக் குறித்த இடங்களில் வெட்டுகின்றன. பூக்காரர் கட்டி வைத்த சரத்திலிருந்து முழம் போட்டு அறுத்துக் கொடுப்பது மாதிரி. ப்ரோடைனார்பின் என்ற ஒரே சரத்திலிருந்து டைனார்பின் ஏ, டைனார்பின் பி, ஆல்ஃபா நியோஎண்டார்பின் என்று பல துண்டுகள் வருகின்றன. எல்லாம் ஒரே ஐந்து அமினோ அமிலங்களில் தொடங்கும்: டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின், லூசின். அதற்கு மேல் தொடரும் வால்தான் வேறுவேறு. ஐந்தோடு நிறுத்தி வெட்டினால் அதுவே லூசின் என்கெஃபலின்.

தலையில் இருக்கும் டைரோசின்தான் முக்கியம். மார்ஃபின் மூலக்கூறில் ஒரு ஓரம் டைரோசினைப் போலவே இருக்கிறது. கசகசாச் செடியின் பால் நம் மூளையை ஏமாற்றுவது அதனால்தான். அந்த ஒரு டைரோசினை முனையிலிருந்து உதிர்த்துவிட்டால் மீதி எத்தனை நீளமான வால் இருந்தாலும் ஓபியாய்டு ஏற்பி அந்தப் பெப்டைடைச் சட்டை செய்யாது. ஆனால் தலை உதிர்ந்தது செத்த பொருளும் அல்ல. அப்படிப்பட்ட டைனார்பின் துண்டுகள் வேறு வகை ஏற்பிகளைத் தொட்டு வேறு காரியங்கள் செய்வதாகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

ஆகவே ஒரு நோயுற்ற மூளையில் டைனார்பின் கூடியிருக்கிறதா என்று கேட்டால் போதாது. எந்தத் துண்டு, தலையோடா தலையில்லாமலா, எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். இதைக் கேட்டதும் பழைய முறைகள் திணறுகின்றன.

முதல் பழைய முறை, மரபணுவின் செய்திப்படியான எம்ஆர்என்ஏவை அளப்பது. 1998இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆஞ்செலா சென்சி குழு எலிகளில் அதைச் செய்தது. உடல் நெளிவு எவ்வளவு அதிகமோ, ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் ப்ரோடைனார்பின் எம்ஆர்என்ஏவும் அவ்வளவு அதிகம் என்று கண்டது. பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் எம்ஆர்என்ஏ முழுச் சரத்துக்கான குறிப்பு மட்டுமே. அது எங்கெங்கே அறுபட்டது என்று அதில் இருக்காது. இன்னொரு தொல்லையும் உண்டு. எம்ஆர்என்ஏ பெரும்பாலும் செல்லின் உடலிலேயே தங்கிவிடுகிறது. பெப்டைடோ, ஸ்ட்ரையேட்டத்து நரம்புச் செல்லின் நீண்ட இழை வழியாகப் பயணம் செய்து, தொலைவில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியில் போய் வெளிப்படுகிறது. டோபமைன் செல்கள் குடியிருப்பதும் அந்த நைக்ராவில்தான். சேதி எழுதப்படும் இடத்தை எம்ஆர்என்ஏ காட்டிவிடுகிறது, படிக்கப்படும் இடம் இருட்டிலேயே இருக்கிறது.

இரண்டாவது முறை ஆன்டிபாடி. திசுச் சீவலில் ஒரு ஆன்டிபாடியைப் பரப்பினால் தனக்குரிய பெப்டைடு இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும், நிறம் ஏற்றிப் பார்க்கலாம். அரை நூற்றாண்டாகப் பெப்டைடு ஆராய்ச்சி இதன் முதுகில்தான் சவாரி செய்தது. இதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். என்றாலும், ஆன்டிபாடி சங்கிலியின் ஒரு சிறு பகுதியைத்தான் பிடிக்கிறது. வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்குத் தலை இருந்ததா இல்லையா என்பது தெரியாது. அறுபடாத முழுச் சரத்திலும் அதே பகுதி இருந்தால் அங்கும் ஒட்டிக்கொள்ளும். மேலும், எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் ஆன்டிபாடி செய்யவே முடியும்.

தலை உள்ளதையும் இல்லாததையும் பிரிக்க ஒரு நேரான வழி இருக்கிறது, எடை போடுவது. ஆல்ஃபா நியோஎண்டார்பினில் பத்து அமினோ அமிலங்கள். ஒரு புரோட்டான் ஒட்டிய நிலையில் அதன் எடை 1228.7 டால்டன். டைரோசின் உதிர்ந்தால் 1065.6. டைனார்பின் பி 1570.9. தராசு சரியாக இருந்தால் குழப்பத்துக்கு இடமில்லை.

அந்தத் தராசுதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அது மின்னூட்டம் உள்ள, ஆவியாகப் பறக்கக்கூடிய மூலக்கூறுகளையே எடை போடும். பெப்டைடும் புரதமும் பறக்கிற ஜாதி அல்ல, சூடாக்கினால் கருகிவிடும். 1980களில் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் ஹில்லன்காம்பும் மிஷாயல் காரஸும் ஒரு தந்திரம் கண்டார்கள். லேசர் ஒளியை நன்றாக உறிஞ்சும் சிறிய கரிமப் பொருள் ஒன்றில் மாதிரியைக் கலந்து படிகமாக்க வேண்டும். அதன்மேல் நொடியில் மிகச் சிறு பங்கு நேரமே நீடிக்கும் லேசர் துடிப்பை அடிக்க வேண்டும். அடியை அந்தச் சிறிய பொருள் வாங்கிக்கொண்டு ஆவியாய்ச் சிதறும்; பெரிய மூலக்கூறு சேதமில்லாமல் கூடவே கிளம்பிவிடும், போகிற போக்கில் ஒரு புரோட்டானையும் ஒட்டிக்கொள்ளும். அந்த உதவிப் பொருளுக்கு மேட்ரிக்ஸ் என்று பெயர், முறைக்கு மால்டி. கிட்டத்தட்ட அதே காலத்தில் கியோட்டோவில் ஷிமாட்சு நிறுவனப் பொறியாளர் கொய்ச்சி தனாகா, கோபால்ட் நுண்பொடியில் தவறுதலாக கிளிசரினை ஊற்றிவிட்டு, கொட்ட மனமில்லாமல் அதையே சோதித்துப் பார்த்து, புரதங்களைப் பறக்கவிட்டார். 2002இன் வேதியியல் நோபலில் பங்கு அவருக்குப் போயிற்று. உலகமெங்கும் ஆய்வகங்களில் இன்று நடப்பது ஜெர்மானியரின் முறை. நோபல் குழு எப்படி முடிவெடுக்கிறது என்பதில் எனக்குப் புரியாத விஷயங்களில் இதுவும் ஒன்று.

பறக்கத் தொடங்கிய பெப்டைடை 20,000 வோல்ட் மின்புலம் பிடித்து வெற்றிடக் குழாய்க்குள் தள்ளுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தள்ளு என்பதால் எடை குறைந்தது வேகமாகவும் கூடியது மெதுவாகவும் போகும். முழு ஆல்ஃபா நியோஎண்டார்பின் நொடிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் போகும், தலை உதிர்ந்தது சுமார் 60 கிலோமீட்டர். ஒரு மீட்டர் நீளக் குழாயைக் கடக்க முன்னதற்கு 17.8 மைக்ரோநொடி, பின்னதற்கு 16.6. ஒரு மைக்ரோநொடிக்குச் சற்று அதிகமான இந்த இடைவெளியில் அடங்கியிருக்கிறது ஒரு டைரோசின். இன்றைய மின்னணுக் கருவிகளுக்கு இது மிகப் பெரிய இடைவெளி. இதைவிடப் பன்மடங்கு நுணுக்கமான எடை வேறுபாடுகளையும் அவை பிரித்துவிடும்.

இந்த எடைபோடுதலைப் படமாக்கும் யோசனையை 1997இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் காப்ரியோலி பிரபலமாக்கினார். அதுவரை திசுவை அரைத்துக் கரைசலாக்கித்தான் எடை போட்டார்கள். அரைத்த பிறகு எது எங்கே இருந்தது என்ற தகவல் போய்விடும். காப்ரியோலி சீவலையே கருவிக்குள் வைத்து, லேசரைப் புள்ளி புள்ளியாக நகர்த்தினார். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழு எடைப்பட்டியல் கிடைக்கும். வேண்டிய எடையைக் கணினியில் சொடுக்கினால் அது எந்தெந்தப் புள்ளியில் எவ்வளவு இருந்தது என்பது நிறப்படமாக எழும். முதல் கட்டுரையில் எலியின் கணையமும் பிட்யூட்டரியும் இருந்தன. சென்டிமீட்டருக்குச் சென்டிமீட்டர் சீவலை 50 மைக்ரான் இடைவெளியில் சுட்டால் 40,000 புள்ளிகள், அதாவது 40,000 பட்டியல்கள். ஒன்றைத் தேடிப் போனவருக்குத் தேடாத நூறு பொருள்களின் படமும் கையோடு வந்துவிடும்.

கேட்க எளிது, செய்வது அப்படியல்ல. முதல் எதிரி நேரம். உயிர் போன மறுகணமே மூளையில் நொதிகள் கட்டுப்பாடில்லாமல் வெட்டத் தொடங்கிவிடும். சில நிமிடங்களில் பெரிய புரதங்களின் சிதறல்கள் பெருகி, சொற்ப அளவே இருக்கும் சமிக்ஞைப் பெப்டைடுகளை மூழ்கடிக்கும். நாம் தேடுவதே துண்டுகளை. நோயில் வெட்டுப்பட்ட துண்டு எது, சாவில் வெட்டுப்பட்ட துண்டு எது என்று பிறகு பிரிக்க முடியாது. அதனால் மூளையை உடனே உறையவைக்கிறார்கள். அல்லது நுண்ணலையாலோ சூடான தகடுகளுக்கிடையிலோ சில நொடிகளில் சூடேற்றி நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறார்கள். சூடேற்றிய மூளை சீவுவதற்குப் பக்குவமாக இருக்காது என்பது அந்த வழியின் குறை.

பிறகு கிரையோஸ்டாட். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியளவு குளிரில் இருக்கும் பெட்டிக்குள் உறைந்த மூளையை வைத்து, 12 மைக்ரான் கனத்தில் சீவ வேண்டும். நோயியல் கூடத்தில் உறைந்த திசுவைச் சுற்றி வழக்கமாகப் பூசும் பசையை இங்கே பூசக் கூடாது, அதிலிருக்கும் பாலிமர் பறந்து வந்து பட்டியல் முழுவதையும் ஆக்கிரமிக்கும். சீவல் கத்தியின் மேல் சுருள வரும். மெல்லிய தூரிகையால் நீவிப் பரத்தி, கண்ணாடிச் சில்லின் மேல் எடுத்து வைத்து, சில்லின் அடியில் விரலை வைத்தால் உடற்சூட்டில் சீவல் இளகி ஒட்டிக்கொள்ளும். அந்தக் கண்ணாடியில் மின்சாரம் கடத்தும் பூச்சு இருக்கும், ஆனாலும் ஒளி ஊடுருவும். அடுத்து ஆல்கஹால் குளியல். மூளை என்றாலே கொழுப்பு. கொழுப்பும் உப்பும் போகாவிட்டால் பெப்டைடுகளின் குரல் எழும்பாது. அதிகம் கழுவினால் பெப்டைடும் கரைந்து ஓடும், இருந்த இடத்தை விட்டு நகரும்.

கடைசியில் மேட்ரிக்ஸ் தெளிப்பு. இங்கேதான் கைப்பக்குவம். ஈரம் பட்டால்தான் பெப்டைடு திசுவிலிருந்து வெளியேறிப் படிகத்துக்குள் நுழையும். ஈரம் கூடினால் பக்கவாட்டில் பரவி, படத்தின் விளிம்புகள் குழம்பிவிடும். தெளிப்பு சரியாக அமைந்தால் சீவலின் மேல் வெள்ளைப் பனி படர்ந்த மாதிரி சீரான மினுமினுப்பு தெரியும். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் லேசரை ஓட்டுவதே வீண். இன்று இதற்கெல்லாம் தானியங்கித் தெளிப்பான்கள் உண்டு. ஆனாலும் ஒரே ஆய்வகத்தில் ஒருவர் செய்த சீவலையும் இன்னொருவர் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சொல்லிவிடலாம் என்று இந்தத் துறைக்காரர்கள் சொல்வார்கள்.

2011இல் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் இந்த முறையை டைனார்பின் கேள்வியின் மேல் திருப்பினார்கள். பார்க்கின்சன் எலியைத் தயாரிக்கும் வழக்கமான முறை, மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் 6-ஹைட்ராக்சிடோபமைன் என்ற நஞ்சைச் செலுத்துவது. அந்தப் பக்கத்து டோபமைன் செல்கள் மடிந்துபோகும், மறுபக்கம் நலமாக இருக்கும். படம் எடுப்பவருக்கு இது வரப்பிரசாதம். நோயுற்ற பாதியும் நலமான பாதியும் ஒரே சீவலில், ஒரே குளியலில், ஒரே தெளிப்பில் அகப்படுகின்றன. எலிகளுக்கு லெவோடோபா கொடுத்தபோது சில கடுமையாக நெளிந்தன. சில, அதே காயமும் அதே மருந்தும் இருந்தும், ஏறக்குறைய நெளியவே இல்லை. ஒப்பிட வேண்டியது இந்த இரண்டு கூட்டத்தைத்தான். நோயையும் மருந்தையும் கழித்துவிட்டு நெளிவை மட்டும் தனியே பார்க்கலாம்.

கிடைத்த படங்களில் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் டைனார்பின் பியும் ஆல்ஃபா நியோஎண்டார்பினும் உயர்ந்திருந்தன. நெளிவின் கடுமை ஏற ஏற அவையும் ஏறின. ஸ்ட்ரையேட்டத்தின் மேல்புற வெளியோரத்திலும் அப்படியே. எம்ஆர்என்ஏ முன்பே சொன்னதுதானே என்று கேட்கலாம். இல்லை. டைனார்பின்கள் மேலும் அறுபட்டுக் கிடைக்கும் லூசின் என்கெஃபலின்-ஆர்ஜினின் என்ற குட்டித் துண்டும் நைக்ராவில் நெளிவோடு ஏறியது. அதுவும் டைனார்பின் பியும் ஒரே சரத்தில் பிறந்தவை, எனவே படங்கள் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும். நைக்ராவுக்குள் அவை பரவியிருந்த விதம் ஒன்றுபோல் இல்லை. அப்படியென்றால் இடத்துக்கு இடம் வெட்டும் விதமோ சிதைக்கும் வேகமோ மாறுகிறது. போதாததற்கு, ஸ்ட்ரையேட்டத்தில் தலை உதிர்ந்த ஆல்ஃபா நியோஎண்டார்பினும் இருந்தது, அதுவும் நெளிவோடு தொடர்பு காட்டியது. இந்தத் துண்டை யாரும் முன்கூட்டியே தேடிப் போகவில்லை. எடைப்பட்டியலில் தானாக வந்து நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1065.6 டால்டன் எடையில் ஒரு முகடு தெரிந்தால் அது நாம் நினைக்கும் பெப்டைடுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. அதே எடையில் வேறொன்றும் இருக்கலாம். பக்கத்துச் சீவலையோ அதே பகுதியிலிருந்து எடுத்த சாற்றையோ வேறு கருவியில் ஏற்றி, பெப்டைடை உடைத்து, அமினோ அமில வரிசையைப் படித்து உறுதி செய்ய வேண்டும். அளவு விஷயத்திலும் படத்தின் நிறத்தை அப்படியே நம்பக் கூடாது. ஒரு புள்ளியில் உப்பு அதிகம் என்றால் பெப்டைடு அமுங்கும், படிகம் தடித்திருந்தால் எழும். கன ஐசோடோப்பு ஏற்றிய அதே பெப்டைடைச் சீவல் முழுக்கச் சம அளவில் தெளித்து, அதோடு ஒப்பிட்டால் பெருமளவு சரிக்கட்டலாம். சிவப்பும் மஞ்சளுமாக மின்னும் படங்களைப் பார்த்து மயங்கி, இந்தச் சரிக்கட்டல் நடந்ததா என்று பார்க்காமலே கட்டுரையை மூடி வைப்பவர்கள் உண்டு. நிறம் கணினி கொடுப்பது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை ஆய்வாளர்தான் தேர்ந்தெடுக்கிறார்.

மனித மூளைக்கு வந்தால் சங்கடம் கூடுகிறது. இறந்தவரின் மூளை ஆய்வகத்தை அடையப் பல மணி நேரம் ஆகிவிடும், எலிக்கு நிமிடக் கணக்கு பார்த்தவர்கள் இங்கே கையைப் பிசைய வேண்டியதுதான். சட்டென்று சிதையாத, திசுவில் படிந்து கெட்டிப்பட்ட பெப்டைடுகளுக்கு இது தடையில்லை. அதனால்தான் அல்சைமர் மூளையின் அமிலாய்டு படிவுகளை இந்த முறையில் பார்க்கும் வேலை வேகமாக நடக்கிறது. நொடியில் வந்து நொடியில் போகும் சமிக்ஞைகளுக்கு விலங்குகளை நம்பித்தான் இருக்கிறோம்.

எலியில் கிடைத்த விடை ஒரு பழைய குழப்பத்தைத் தொடுகிறது. டைனார்பின்தான் குற்றவாளி என்றால் ஓபியாய்டு ஏற்பியை அடைத்துவிட்டால் நெளிவு நிற்க வேண்டும். நலாக்சோன், நால்ட்ரெக்சோன் போன்ற அடைப்பான்களை வைத்து விலங்குகளிலும் நோயாளிகளிலும் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாகவே முடிந்தன. தலை உதிர்ந்த துண்டுகளும் களத்தில் இருக்கின்றன என்றால் இந்த முரணுக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. அவை ஓபியாய்டு ஏற்பியை நாடுவதே இல்லை, அதை அடைத்து அவற்றை நிறுத்த முடியாது. டைனார்பின் ஏயின் தலையில்லாத துண்டுகள் குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பி வழியாக வேலை செய்வதாகத் தனிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

டாக்டர்கள் இந்த நெளிவுக்கு உண்மையில் எழுதிக்கொடுக்கும் மருந்து அமண்டடீன். அது முதலில் ஃப்ளூ மருந்து. 1968இல் ஃப்ளூ வராமலிருக்க அதைச் சாப்பிட்ட ஒரு பார்க்கின்சன் நோயாளி, தன் விறைப்பும் நடுக்கமும் குறைந்ததாகப் பாஸ்டனில் தன் டாக்டரிடம் சொன்னதிலிருந்து அதன் இரண்டாவது பிழைப்பு தொடங்கியது. 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மெதுவாகக் கரையும் அமண்டடீனை லெவோடோபாவால் வரும் டிஸ்கைனீசியாவுக்கென்றே அனுமதித்தது. அமண்டடீன் அடைப்பது என்எம்டிஏ ஏற்பியை. இந்த இரண்டு செய்திக்கும் முடிச்சுப் போட யாருக்கும் கை துறுதுறுக்கும். எடைப்படம் அந்த முடிச்சைப் போட்டுத் தராது. எந்தத் துண்டு எந்த மூலையில் இருந்தது என்பதோடு அதன் வேலை முடிந்தது. அது எந்த ஏற்பியில் போய் உட்கார்ந்தது என்பதை அறிய, உயிரோடிருக்கும் ஸ்ட்ரையேட்டத்துச் செல்லில் கண்ணாடி மின்முனையைச் செருகி, தலை உள்ள பெப்டைடையும் இல்லாததையும் மாற்றி மாற்றிச் சொட்டவிட்டு, மின்னோட்டம் எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும்.